மூன்று வாரம் பிந்திய குளிசை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு சிறிய வைத்தியசாலையின் கிளினிக்கில் நான் வேலை செய்த காலத்தில் பார்த்த, வலிப்பு வருத்தமுள்ள ஓர் இளம் பெண் இவர். அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் விட்டது அவருடைய கிளினிக் கொப்பியை. பழுப்புத் தாளில் உறை போட்டு, மூலையில் எண்ணெய்க் கறை படிந்த கொப்பி. உள்ளே மாதத்துக்கு ஒரு வரி: திகதி, 'வலிப்பு இல்லை', 'அதே மருந்து', ஒரு கையெழுத்து. எட்டு ஆண்டுகளாக அதே வரிதான். அந்தக் கையெழுத்துகளில் நான்கு என்னுடையவை.

வருத்தம் தொடங்கியது 14 வயதில். ஊரில் வடமோடிக் கூத்து அரங்கேற்றம். விடிய விடியக் கண்விழித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்தபோது கை தானாக உதறி, கோப்பை சுவரில் போய் மோதியது. தாய் ஏசினார். அரை மணி நேரத்தில் முற்றத்தில் விழுந்து முழு வலிப்பு வந்தது. பெத்தா ஓடிவந்து கைக்குள் திறப்பைத் திணித்தார். பிறகு பார்வை பார்த்தார்கள், நூல் கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள். ஆறு மாதத்தில் மேலும் மூன்று தடவை விழுந்த பிறகே நகரத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

இந்தக் கதையைக் கேட்டாலே நோயின் பெயர் பாதி தெரிந்துவிடும். பதின்ம வயது, தூக்கம் கெட்ட இரவு, விடியற்காலையில் கை உதறல், பிறகு வலிப்பு. இளம்பருவத் தசையுதறல் வலிப்பு என்று சொல்லலாம். மூளை மின்வரைபடமும் அதையே காட்டியது. சோடியம் வல்ப்ரோயேட் தொடங்கினார்கள்; காலையில் 500 மில்லிகிராம், இரவில் 500. அதன் பிறகு எட்டு ஆண்டுகளில் இரண்டே தடவைதான் விழுந்திருக்கிறார். இரண்டுமே மருந்து தவறிய நாட்கள்.

இந்த வகை வலிப்புக்கு வல்ப்ரோயேட் மிக நல்ல மருந்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். சும்மா குற்றம் சொல்லும் மருந்து இல்லை. கார்பமசெபின் போன்ற வேறு மருந்தைக் கண்மூடித்தனமாகக் கொடுத்தால் உதறல் கூடிவிடும். மருந்து நன்றாகக் கேட்டது. ஆகையால் யாரும் அதைத் தொடவில்லை. பதினான்கு வயதுச் சிறுமிக்கு எழுதிய மருந்து இருபத்திரண்டு வயது மணப்பெண்ணுக்கும் அப்படியே போய்க்கொண்டிருந்தது.

பால்மா டின்

2020 தை மாதம் கலியாணம். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து குடியேறினார். தரகரிடம் வலிப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கணவனிடம் ஒரு வாரம் கழித்து இவரே சொன்னார். அவர் நல்ல மனிதர், 'சரி, மருந்தை விடாமல் போடு, அம்மாவுக்கு மட்டும் சொல்லாதே' என்றார். குளிசைகள் சமையலறைத் தட்டில், அரிசிப் பானைக்குப் பின்னால், ஒரு பழைய பால்மா டின்னுக்குள் போயின.

புதுமணத் தம்பதி என்று குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். படிவத்தில் கேள்விகள்: நீரிழிவு உண்டா, இருதய வருத்தம் உண்டா, வலிப்பு உண்டா. அன்று பார்த்து மாமி விறாந்தையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். 'எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, மிஸ்' என்று இவர் சொன்னார். படிவத்தில் 'இல்லை' விழுந்தது. எல்லாப் புதுப்பெண்களுக்கும் கொடுப்பது போல ஃபோலிக் அமிலக் குளிசையும் கொடுத்தார். அதுவும் டின்னுக்குள் போனது. இரண்டு குளிசையும் சேர்ந்தால் உடம்பு சூடாகிவிடும் என்று தாய் பயந்தார். பிள்ளை வயிற்றில் வருவதற்கு முன்பே பிள்ளைக்கு மருந்து எதற்கு என்பது இவருடைய எண்ணம். பிழையாக நினைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரிடம் யாரும் காரணத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிறகு கொரோனா. 2020இல் கிளினிக் மருந்துகள் தபாலில் வீட்டுக்கு வந்தன. நல்ல ஏற்பாடு, பலரை வலிப்பிலிருந்து காப்பாற்றியது. ஆனால் பொதிக்குள் மருந்தை வைப்பவருக்கு, வாங்குபவரின் கழுத்தில் தாலி ஏறியிருப்பது தெரியாது. பொதி நின்று கிளினிக் மறுபடி தொடங்கியபோது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாலி கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான் கொப்பியைத்தான் பார்த்தேன்.

ஆறாம் திகதிக்கு முன்பே

கடைசி மாதவிடாய் 2021 மே 25. கண்ணகி அம்மன் கோவில்களில் குளிர்த்தி நடக்கும் பருவம். பயணக் கட்டுப்பாட்டால் கூட்டம் கூட முடியாத ஆண்டு. ஜூன் 22 அளவில் வர வேண்டியது வரவில்லை. இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தார். பிறகு சிறுநீர்ப் பரிசோதனை. கர்ப்பவதி கிளினிக்குக்கு முதல் தடவை போனது ஜூலை 27. ஒன்பது வாரம்.

இந்தத் திகதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். கருத்தரித்து இருபத்தெட்டு நாளுக்குள் நரம்புக் குழல் மூடி முடிந்துவிடும். தட்டையாக இருக்கும் ஒரு படலம், பாயைச் சுருட்டுவது போல இரு விளிம்பையும் தூக்கி, நடுவில் முதலில் தொட்டு, அங்கிருந்து மேலும் கீழுமாகப் பூட்டிக்கொண்டு போகும். மேல் முனை மூளையாகும், கீழே முள்ளந்தண்டு. மேலே பூட்டாமல் விட்டால் பிள்ளை பிழைக்காது. கீழே விட்டால் முள்ளந்தண்டுப் பிளவு. இவருடைய கணக்கில் அந்த வேலை ஜூலை 6 அளவில் முடிந்துவிட்டது. ஃபோலிக் அமிலம் காக்கும் முக்கிய வாசல் அது. கிளினிக்கில் அட்டை போட்டு, நிறை பார்த்து, குளிசையைக் கையில் கொடுத்தபோது வாசல் சாத்தி மூன்று வாரம்.

அன்று குடும்பநல உத்தியோகத்தர் ஒரு நல்ல காரியம் செய்தார். மாமியை வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, அதே கேள்வியை மறுபடி கேட்டார். இப்போது பதில் வந்தது. ஒரு துண்டு எழுதி, என்னுடைய அடுத்த கிளினிக் நாளுக்கு அனுப்பினார்.

இடையில் ஐந்து நாள். அந்த ஐந்து நாளில்தான் எல்லாம் கெட்டது. பயந்துபோய் அவர் ஒரு மருந்துக் கடையில் குளிசை அட்டையைக் காட்டியிருக்கிறார். கடைக்காரர் உள்ளே இருந்த தாளைப் படித்துவிட்டு, 'வயிற்றில் பிள்ளை இருந்தால் இது போடக் கூடாது' என்றார். சொன்னது பொய் இல்லை. 'ஆனால் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது' என்ற மறுபாதி அவர் வாயில் வரவில்லை. அன்றிரவே இவர் குளிசையை நிறுத்திவிட்டார். நான்காம் நாள் காலை கிணற்றடியில் கயிறு கையிலிருந்து உதறிப் போனது. அடுத்த நிமிடம் கிணற்றின் சுற்றுக்கட்டில் தலை அடிபட்டு விழுந்தார். ஓட்டோவில் மண்முனைப் பாலம் தாண்டுவதற்குள் இன்னொரு வலிப்பு.

வல்ப்ரோயேட்டைத் திடீரென்று நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் உடனடி ஆபத்து. விடாத வலிப்பில் தாய் இறக்கலாம். ஒட்சிசன் குறைந்து பிள்ளையும் போகலாம். மருந்தின் தீமை மெதுவானது, வலிப்பின் தீமை நிமிடக் கணக்கு. இந்த நோயாளி தப்பினார்.

நரம்பியல் நிபுணர் லெவெடிரசிட்டம் என்ற வேறொரு வலிப்பு மருந்தைத் தொடங்கினார். ஏன் லாமோட்ரிஜின் இல்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். லாமோட்ரிஜினை வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் ஏற்ற முடியும். அவசரப்பட்டால் தோல் உரியும் அளவுக்குக் கொப்பளம் வரலாம். வல்ப்ரோயேட்டுடன் சேர்ந்தால் அதன் அளவு இரத்தத்தில் இரட்டிக்கும். கர்ப்பத்தில் எதிர்மாறாக வேகமாகக் குறையும். லெவெடிரசிட்டத்தை நாள் கணக்கில் ஏற்றலாம். அது பிடித்த பிறகு வல்ப்ரோயேட்டை முதலில் பாதியாக்கி, ஐந்தாம் மாதத்தில் முழுதாக நிறுத்தினார்கள். ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம், பன்னிரண்டு வாரம் வரை. பிறகு கிளினிக்கில் எல்லாருக்கும் கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் குளிசை. ஆறாம் மாதத்தில் காலை உதறல் மறுபடி தலைகாட்டியது. கர்ப்பத்தில் சிறுநீரகம் மருந்தை வேகமாக வெளியேற்றும். அளவைக் கூட்டியதும் அடங்கியது.

இருபதாம் வார ஸ்கேனுக்கு முதல் நாள், 'குறை இருந்தால் என்ன செய்வது, டொக்டர்?' என்று கேட்டார். எங்கள் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருவைக் கலைக்க அனுமதிக்கிறது. ஆகவே ஸ்கேன் முடிவு எங்கே, எப்படிப் பிரசவம் பார்ப்பது என்பதைத்தான் தீர்மானிக்கும் என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. ஸ்கேனில், முள்ளந்தண்டுப் பிளவில் தெரிவது போலத் தலை எலுமிச்சை வடிவில் இல்லை, முள்ளந்தண்டு வரிசையாக இருந்தது. மாமி கோவிலுக்கு நேர்த்தி வைத்திருந்தாராம். வருத்தம் கிணற்றடியில் வெளியானதிலிருந்து குளிசை நேரத்தை நினைவுபடுத்துபவரும் அவர்தான். யார் மறைத்தார்கள், யாரிடமிருந்து என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

பிள்ளை

2022 மார்ச் முதல் வாரத்தில் ஆண் பிள்ளை, 2.7 கிலோ. பிறந்தவுடன் விற்றமின் கே ஊசி. மேலுதடு மெல்லியது, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையில் வழக்கமாக இருக்கும் பள்ளம் அழிந்து வழுவழுப்பாக இருக்கிறது, உடம்பு சற்றுத் துவள்கிறது என்று குழந்தை நல நிபுணர் குறித்து வைத்தார். வீட்டில் எல்லோரும் அப்பப்பாவின் சாயல் என்றார்கள். அந்த ஆண்டு மருந்துத் தட்டுப்பாடு வேறு. லெவெடிரசிட்டம் தேடிக் கணவன் கல்முனை வரை மோட்டார் சைக்கிளில் அலைந்தார்.

பத்தொன்பது மாதத்தில் நடந்தான். இரண்டரை வயதில் நான்கு சொல். காது நன்றாகக் கேட்கிறது. வாவிக்கரையில் பொறுக்கிய மட்டிச் சிப்பிகளைத் திண்ணை நீளத்துக்கு வரிசையாக அடுக்குவான். ஒன்றை நகர்த்தினால் அழுவான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பேச்சுச் சிகிச்சைக்கு வாரம் ஒரு தடவை நகரத்துக்கு பஸ்ஸில் போய் வருகிறார்கள். மூன்றரை வயதில் 'அப்பா வா' என்று இரண்டு சொல்லைச் சேர்த்தான்.

தாய் கேட்ட கேள்விதான் இந்த எழுத்துக்குக் காரணம். 'மிஸ் தந்த குளிசையை அன்றைக்கே போட்டிருந்தால் இவன் பேசியிருப்பானா?'

உண்மையான பதில் நீளமானது. வல்ப்ரோயேட் 1967இல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. 1982இல் அதே நாட்டில் லியோன் நகரத்தில், முள்ளந்தண்டுப் பிளவுடன் பிறந்த பிள்ளைகளின் தாய்மாரில் இந்த மருந்து அளவுக்கு மீறித் தென்படுவதைக் கண்டார்கள். முள்ளந்தண்டுப் பிளவின் அபாயம் நூற்றுக்கு ஒன்று, இரண்டு. எல்லாப் பிறவிக் குறைகளையும் சேர்த்தால் நூற்றுக்குப் பத்து அளவில். சாதாரணமாக இரண்டு, மூன்று. கர்ப்பத்தில் வலிப்பு மருந்து போட்டவர்களைப் பதியும் ஈயுராப் (EURAP) என்ற பன்னாட்டுப் பதிவேடு 2018இல் தந்த கணக்கில், நாளுக்கு 650 மில்லிகிராமுக்கு மேல் 1450 வரை போட்டவர்களிடம் 11.3 வீதம், இவருடைய 1000 அதற்குள் அடங்கும். லெவெடிரசிட்டத்துக்கு 2.8 வீதம்.

கண்ணுக்குத் தெரியும் குறையை விட, கண்ணுக்குத் தெரியாதது பெரிது. கர்ப்பத்தில் வலிப்பு மருந்து போட்ட தாய்மாரின் பிள்ளைகளைப் பற்றி அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நடந்த நீட் (NEAD) ஆய்வு 2013இல் ஆறு வயதுப் பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவை வெளியிட்டது: தாய் வல்ப்ரோயேட் போட்டிருந்தால் 97, கார்பமசெபின் 105, லாமோட்ரிஜின் 108. அதே ஆண்டு டென்மார்க்கிலிருந்து வந்த கணக்கில், வல்ப்ரோயேட் பட்ட பிள்ளைகளில் ஆட்டிசம் வகைக் குறைபாடுகள் 4.4 வீதம், எல்லாப் பிள்ளைகளையும் எடுத்தால் 1.5. முள்ளந்தண்டு ஸ்கேனில் நேராகத் தெரிந்தது என்று நாங்கள் மகிழ்ந்தோமே, அது மூளையின் உள்வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஃபோலிக் அமிலம் என்ற விற்றமின் இதில் எங்கே வருகிறது? 1991இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, ஏழு நாடுகளில், ஏற்கெனவே ஒரு தடவை நரம்புக் குழல் குறையுள்ள பிள்ளையைச் சுமந்த தாய்மாருக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தது. மறுபடி வருவது 72 வீதம் குறைந்தது. அதனால்தான் உலகமெங்கும் இந்தக் குளிசை. ஆனால் அந்த ஆய்வில் வலிப்புள்ள பெண்களைச் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கும் அதே அளவு காப்பு என்பது நாங்கள் நீட்டிப் பிடித்த நம்பிக்கை. மூளை வளர்ச்சி பற்றி நீட் ஆய்வு ஆறுதல் தருகிறது: கருத்தரிக்கும் காலத்தில் ஃபோலிக் அமிலம் போட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு நுண்ணறிவு ஈவு 108, போடாதவர்களின் பிள்ளைகளுக்கு 101. நோர்வேயில் 2018இல் வந்த ஆய்விலும், வலிப்பு மருந்து போட்டும் ஃபோலிக் அமிலம் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் ஆட்டிச அறிகுறிகள் குறைவு. முன்கூட்டியே குளிசை போடுபவர் பொதுவாகத் திட்டமிட்டுக் கருத்தரிப்பவர், படித்தவர், கிளினிக்குக்கு நேரத்துக்குப் போகிறவர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கூட்டிக் கொடுத்தால் கூட நன்மை என்றும் இல்லை. 2022இல் வடஐரோப்பிய நாடுகளின் பதிவேடுகள், வலிப்புள்ள தாய் அதிக அளவு ஃபோலிக் அமிலம் போட்டிருந்தால் பிள்ளைக்குப் புற்றுநோய் அபாயம் சற்று உயர்வதாகக் காட்டின. எண்ணிக்கை சிறியது, காரணம் உறுதியாகவில்லை. 2024 அமெரிக்க வழிகாட்டி குறைந்தது 0.4 மில்லிகிராம் என்று மட்டும் சொல்கிறது. நாங்கள் பன்னிரண்டு வாரத்தில் 5 மில்லிகிராமை நிறுத்தியது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். முருங்கையிலைச் சுண்டலும் பயறும் நல்லவை. ஆனால் இலையில் உள்ள ஃபோலேட், அதாவது இதே விற்றமினின் இயற்கை வடிவம், கொதிக்கும் தண்ணீரோடு பாதி போய்விடும். குளிசைக்கு அது ஈடு ஆகாது.

இன்னொன்று, வல்ப்ரோயேட் கெடுக்கும் வழி ஃபோலேட் மட்டும் இல்லை. நம் மரபிழை ஹிஸ்டோன் என்ற புரதக் கட்டைகளில் சுற்றியிருக்கிறது. எந்த இழை எப்போது அவிழ வேண்டும், எது சுற்றியபடி இருக்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கு உண்டு. மருதமுனைத் தறியில் நூற்கட்டைகளை ஒரு சிறுவன் நடுவில் அவிழ்த்து விட்டால் சேலையின் கோலம் எப்படி மாறுமோ, அப்படித்தான் இந்த மருந்து கட்டைகளைத் தளர்த்திவிடுகிறது. மூளையின் நெசவு இருபத்தெட்டாம் நாளில் முடிவதில்லை. பிறக்கும் வரை, பிறந்த பிறகும் நடக்கிறது. அவிழ்ந்த நூலை விற்றமின் சுற்றித் தராது.

ஆகவே தாயிடம் இப்படிச் சொன்னேன்: 'குளிசை போட்டிருந்தால் ஓரளவு உதவியிருக்கலாம். எவ்வளவு என்று ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல முடியாது. இவனுடைய தாமதம் முழுக்க மருந்தால்தான் என்றும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் கலியாணம் பேசிய அன்றே மருந்தை மாற்றியிருந்தால் அது இன்னும் பெரிய உதவி. அதைச் செய்ய வேண்டியவர்கள் நாங்கள், மகள், நீங்கள் இல்லை.' அவர் அழவில்லை. பிள்ளை என் மேசையில் இருந்த நாக்குப் பலகைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

எங்கே தவறியது

மாமிக்குப் பயந்து சொன்ன 'இல்லை'தான் மூல காரணம் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பொய் வெளியே வரும் முன்பே இரண்டு பதிவேடு அவருக்கு இருந்தது. ஒன்றில் வலிப்பு உண்டு, கலியாணம் இல்லை. மற்றதில் கலியாணம் உண்டு, வலிப்பு இல்லை. இரண்டும் ஒரே சுகாதாரப் பிரிவில், சைக்கிள் ஓடும் தூரத்தில் கிடந்தன. பிரித்தானியாவில் 2018இலிருந்து, கருத்தரிக்கக்கூடிய பெண்ணுக்குக் கருத்தடை ஏற்பாடு உறுதியாகாமல் வல்ப்ரோயேட் எழுதக் கூடாது என்று விதி. எனக்கு விதி தேவைப்பட்டிருக்கவில்லை. ஒரு கேள்வி போதும், 'தங்கச்சி, பிள்ளைக்கு யோசனை இருக்கிறதா?'

இப்போது வல்ப்ரோயேட் போடும் ஒவ்வொரு பெண்ணின் கொப்பியிலும் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் மூன்று வரி எழுதுகிறேன்: கடைசி மாதவிடாய்த் திகதி, கருத்தடை முறை, பிள்ளை வேண்டுமா, எப்போது. லாமோட்ரிஜின் போடுபவருக்கு ஈஸ்ட்ரஜன் உள்ள கருத்தடைக் குளிசை மருந்தின் அளவைக் குறைத்துவிடும் என்பதால் நான்காவது வரியும் உண்டு. கூட்டம் நிறைந்த நாளில் இது கிளினிக்கை நாற்பது நிமிடம் பிந்த வைக்கிறது. மருந்தாளர் முறைக்கிறார்.

இந்தப் பெண்ணுக்கு இரண்டாவது பிள்ளை வேண்டும். வல்ப்ரோயேட் இல்லாமல் லெவெடிரசிட்டத்தில் உதறலே இல்லாமல் ஒன்றரை ஆண்டு கழித்தார். ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு நான்கு மாதம் முன்பே தொடங்கினார். குளிசை இப்போது டின்னில் இல்லை, சுவாமித் தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன கிழமை ஒரு கலண்டர் தாளைக் கிழித்துக் கொண்டு வந்தார். மாதவிடாய் வர வேண்டிய திகதியில் பேனையால் ஒரு வட்டம், அதற்கு மேல் ஐந்து நாள் வெறுமை. ஏழாம் வாரம் நகரத்தில் முதல் ஸ்கேன். மாமியும் கூட வருகிறாராம்.